இன்று எங்கள் பாடு இல்லை

பழவேற்காட்டுக்குப் பூநாரைகளைக் காணப் போகிறவர்கள் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டு எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சத்தையும், அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தையும் காணப் போகிறவர்கள் உண்டு. இறால் வாங்கப் போகிறவர்களே மிகுதி. அடியேன் போனது ஆதிநாராயணப் பெருமாளைச் சேவிக்க. செம்பாறாங்கல்லால் அமைந்த அந்தச் சிறிய திருக்கோயிலில், விரல் நீளத்துக்குள் அடங்கும் இராமாயணக் காட்சிகளைச் சிற்பிகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி அணிந்த கண்களுக்கு அவை எளிதில் புலப்படா. நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

சேவித்துவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கடலோடு கலக்கிறது. அலை ஏறும்போது கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வரும்; அதனோடு இறாலும் மீனும் வரும். காலை வெயில் ஏறாத நேரம். சில படகுகள் நீரில் இருந்தன. கரையில் ஒரு முதியவர், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“பெரியவரே, தாங்கள் ஏரிக்குப் போகவில்லையா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு எங்க பாடு இல்ல சாமி” என்றார், தலை நிமிராமலே.

அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டு அவரே விளக்கினார். பேச்சு வளர்ந்தது. நெற்றியில் திருமண் கண்டதாலோ என்னவோ, எழுந்திருக்கும் நேரத்தில் அவர் ஒரு கேள்வியை என்னிடம் வைத்தார். பேரன் பள்ளியில் யோகாசனம் கற்கிறானாம். ‘யோகத்துக்கு எட்டு அங்கம், அதில் முதல் அங்கத்தில் முதலாவது அகிம்சை, எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாமை’ என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்து, “தாத்தா, நாம மீன் பிடிக்கிறோமே, அப்ப நமக்கு யோகம் வராதா?” என்று கேட்டிருக்கிறான்.

“நான் என்ன சாமி சொல்லட்டும்?” என்றார் பெரியவர்.

உடனே சொல்ல என்னிடம் விடை இல்லை. ‘பகவான் எல்லாருக்கும் பொது’ என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது விடையாகாது என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஊர் திரும்பியதும் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அங்கே கண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரக் கட்டுரை.

முதற்படியில் நிற்கும் மீனவர்

இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன எட்டு அங்கங்கள். தில்லையம்பலத்தில் கூத்தனின் திருநடனத்தைக் கண்டவராக நாம் வணங்கும் பதஞ்சலி முனிவர், தம் யோக சூத்திரத்தில் இவ்வெட்டையும் வரிசைப்படுத்தினார். இயமம் என்பது பிறரோடு வாழ்வதில் நாம் காக்க வேண்டிய ஒழுக்கம். அகிம்சை, சத்தியம், களவின்மை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை என அது ஐந்து. நியமம் நம்மை நாமே பண்படுத்திக்கொள்வது. தூய்மை, மனநிறைவு, தவம், நூலோதல், ஈசுவரனிடம் அனைத்தையும் ஒப்புவித்தல் என அதுவும் ஐந்து.

இயமங்களைச் சொன்ன பதஞ்சலி, அடுத்த சூத்திரத்தில் ஒரு நுட்பமான செய்தியைச் சேர்க்கிறார். பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் ஆகியவற்றால் எல்லை கட்டப்படாமல் எங்கும் எப்போதும் காக்கப்படும்போதுதான் இவை ‘மகாவிரதம்’ ஆகின்றன என்பது அதன் கருத்து. அப்படியானால் எல்லை கட்டப்பட்ட அகிம்சை என்பது எப்படி இருக்கும்? யோக சூத்திரத்துக்கு உரை கண்ட வியாசர் இதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறார். அவர் முதலில் காட்டுவது யாரைத் தெரியுமா? மீனவரைத்தான்.

மீன் பிடிப்பவரின் ஹிம்சை மீனோடு நின்றுவிடுகிறது. வேறு எவ்வுயிரிடத்தும் செல்வதில்லை. இது பிறப்பால் எல்லை கட்டப்பட்ட அகிம்சை என்கிறார் வியாசர். பழவேற்காட்டுப் பையனின் கேள்வி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோக நூலின் உரையில் எழுந்திருக்கிறது என்பதைக் கண்டதும் அடியேன் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வியாசர் மீனவரின் ஒழுக்கத்துக்கு அகிம்சை என்ற பெயரை மறுக்கவில்லை. குறையுள்ளது, எல்லை உள்ளது என்கிறார். ஆனால் அகிம்சை என்றே அழைக்கிறார். இரண்டாவது, அந்தப் பட்டியலில் மீனவர் தனியாக இல்லை. புண்ணிய தீர்த்தத்தில் மட்டும் கொல்லேன் என்பவர் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். சதுர்த்தசியிலும் புண்ணிய நாளிலும் மட்டும் கொல்லேன் என்பவரும் நிற்கிறார். தேவர்க்கும் அந்தணர்க்கும் அன்றி வேறு எதற்காகவும் கொல்லேன் என்பவர் நிற்கிறார். போரில் அன்றி வேறெங்கும் கொல்லேன் என்னும் அரசகுலத்தவரும் நிற்கிறார்.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பார்ப்போம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் புலால் உண்ணாத குடும்பங்கள் எத்தனை! அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று நாள் பார்த்து விலக்குகிறவர்கள் எத்தனை பேர்! மற்ற நாள்களில்? காலத்தால் எல்லை கட்டப்பட்ட அகிம்சை என்று வியாசர் சொன்னது இதைத்தானே? பிறவி முதல் சைவ உணவே உண்பவர்களும் தப்பிவிட முடியாது. கோயிலுக்குள் இனிமையாகப் பேசி, வீட்டில் மருமகளிடமும் வேலைக்கு வரும் பெண்ணிடமும் சொல்லால் அடிப்பவரின் அகிம்சை இடத்தால் எல்லை கட்டப்பட்டது. சந்நிதியில் பொய் சொல்லாது, சொத்துப் பத்திரத்தில் பொய் எழுதுபவரின் சத்தியமும் அவ்வாறே. ஆக, நாம் எல்லாரும் அந்த மீனவரோடு ஒரே படியில்தான் நிற்கிறோம். அங்கிருந்து ஏற வேண்டியதும் நம் எல்லாருக்கும் பொது.

ஏரியில் ஓர் இயமம்

இனி அந்தப் பெரியவர் சொன்ன ‘பாடு’ என்பதற்கு வருவோம்.

பழவேற்காடு ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் விளைவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் இறால் மிகுதி. தள்ளிப் போகப் போகக் குறையும். வலுத்தவர் நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் மற்றவர் பட்டினி. ஆகவே கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு முறையைக் காத்து வருகிறார்கள். மீன்பிடி இடங்களை ஊர்களுக்குள்ளும், ஊரிலுள்ள குழுக்களுக்குள்ளும் மாற்றி மாற்றிப் பங்கிடுவதே பாட்டு முறை. திருமணமாகித் தனிக்குடும்பம் ஆன ஆண் ‘தலைக்கட்டு’ எனக் கணக்கில் சேர்வார். அவருக்குப் பாட்டில் உரிமை உண்டு. இன்று நல்ல இடத்தில் வலை இட்டவர் நாளை மற்றவருக்கு அதை விட்டுவிட வேண்டும். வேலி கிடையாது, காவலர் கிடையாது. ஊரின் சொல்லே காவல்.

பெரியவரின் வலை தயாராக இருந்தது. படகு இருந்தது. ஏரியில் இறால் இருந்தது. உடம்பில் தெம்பும் இருந்தது. ஆனால் அன்று அவருடைய பாடு இல்லை. ஆகவே அமர்ந்து வலை தைத்தார். எடுக்கக் கூடியதைக் கண்முன்னே கண்டும், ‘இது இன்று என்னுடையது அன்று’ என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்குப் பதஞ்சலி ‘அஸ்தேயம்’ என்று பெயரிட்டார். களவின்மை என்பது பூட்டிய வீட்டை உடைக்காமல் இருப்பது மட்டுமன்று. பிறர் முறையை நாம் எடுக்காமல் இருப்பதும் அதுவே. ஒரே நாளில் ஏரியை வாரிக்கொள்ளாமல் நாளைக்கும் மற்றவர்க்கும் விட்டு வைப்பது அபரிக்கிரகம். ஆக, இயமங்கள் ஐந்தில் இரண்டை அந்த ஊர்கள் ஏட்டில் எழுதாமலே ஏரியில் நடத்திக் காட்டுகின்றன.

தமிழில் அட்டாங்க யோகத்தைப் பாடிய திருமூலர் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு அங்கங்களையும் முறையாக விரிக்கிறது. அங்கே இயமத்தில் நிற்பவனின் இயல்புகளை அவர் அடுக்கும்போது கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு அடக்கத்தையும் நடுவுநிலையையும் சேர்க்கிறார். கள்ளும் காமமும் இல்லாமையைச் சேர்க்கிறார். பகிர்ந்து உண்பதையும் சேர்க்கிறார். பகுத்துண்ணாதவன் யோகத்தின் முதற்படியிலேயே காலை வைக்கவில்லை என்பது அவர் கணக்கு. பதஞ்சலியின் ஐந்தில் இல்லாத இதனை, தமிழ் மண்ணில் பாடிய சித்தர் முதற்படிக்கே கொண்டுவந்து வைத்தது எண்ணி மகிழத்தக்கது.

அந்தத் திருமூலர் யார் உடம்பில் இருந்து பாடினார் என்பதும் நாம் அறிந்ததே. சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றிப் பசுக்கள் கதறின. அந்த வாயில்லா உயிர்களின் துயர் பொறாமல், வழிப்போக்கராக வந்த யோகியார் இடையனின் உடம்பினுள் புகுந்தார். பின் திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடினார் என்பது வரலாறு. தமிழில் யோகம் ஒரு மாடு மேய்ப்பவரின் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. மீன் பிடிப்பவரின் வீட்டுக்கு அது வரத் தயங்குமா?

எல்லை எங்கே இருக்கிறது?

பாட்டு முறையைப் புகழ்ந்துவிட்டு, அதன் குறையை மறைப்பது சத்தியம் ஆகாது. பாட்டில் உரிமை அந்தக் குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கே. ஏரியை நம்பி வாழும் மற்றவர்களும் உண்டு. நீரில் இறங்கி, வலை இல்லாமல் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் மக்கள் உண்டு. பிற சமூகத்து மீனவர்கள் உண்டு. ‘எங்களுக்கும் பங்கு வேண்டும்’ என்று அவர்கள் கேட்டதும், அதனால் பூசல் எழுந்ததும் உண்மை. வியாசரின் சொல்லில் சொன்னால், பாடு என்பதும் பிறப்பால் எல்லை கட்டப்பட்ட இயமமே. உள்ளே இருப்பவர்களுக்குள் நேர்மை, வெளியே இருப்பவர்க்கு?

இதைச் சொல்லி அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. ஒரே தெருக்காரர் என்றால் ஒரு நியாயம், வேற்றுத் தெருக்காரர் என்றால் வேறொரு நியாயம் என்று திருவிழாக்களையே பிரித்து நடத்தியவர்கள் நாம். வரம்புக்குள் நன்றாகக் காத்த ஒழுக்கத்தை வரம்புக்கு வெளியேயும் ஒரு முழம் நீட்டுவதே சாதனை. பதஞ்சலி மகாவிரதம் என்று சொன்னது அந்தப் பயணத்தின் முடிவை. முதல் நாளே முடிவில் நிற்பவர் எவரும் இல்லர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் ஏரிக்குக் கடல்நீர் வரத்துக் குறைகிறது. அதனோடு இறாலும் குறைகிறது. நிறைய இருக்கும்போது பங்கிடுவது எளிது. குறையும்போதுதான் ‘இன்று எங்கள் பாடு இல்லை’ என்று சொல்லிக் கரையில் அமர்வது கடினம். இயமத்தின் சோதனை வறுமையிலேயே நடக்கிறது.

அதிபத்தர் விட்ட மீன்

இந்தச் சோதனையை ஏற்று வென்ற மீனவர் ஒருவர் நம் சிவாலயங்களில் எல்லாம் கைகூப்பி நிற்கிறார். அறுபத்துமூவர் வரிசையில் நின்றாலும் நம்மில் பலர் அவரைத் தனியே வணங்குவதில்லை. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரைச் சொல்கிறேன்.

வலையில் வரும் மீன்களில் முதல் மீனைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பல நாள் வலையில் ஒரே ஒரு மீன் மட்டும் வந்தது. அதையும் விட்டார். நாள்தோறும் இதுவே தொடர்ந்தது. செல்வம் தேய்ந்தது, சுற்றம் பசியால் வாடியது, அவர் உடலும் மெலிந்தது. முறையை அவர் மாற்றவில்லை. முடிவில் ஒருநாள், பொன்னும் மணியுமாக ஒளிவிடும் மீன் ஒன்று வலையில் வந்தது. அந்த ஒன்றை விற்றால் வறுமை முழுதும் தீரும். ‘இதுவும் முதல் மீன்தானே’ என்று அதையும் அலைமேல் விட்டார். விடைமேல் தோன்றி இறைவன் ஆட்கொண்டான் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் போற்றுகிறார். ஆவணி மாதத்து ஆயிலியம் அவருடைய குருபூசை நாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறைவன் அவரை வலையை எறிந்துவிட்டு வா என்று அழைக்கவில்லை. அவரும் தொழிலை விட்டுக் காட்டுக்குப் போகவில்லை. தம் தொழிலுக்குள்ளேயே ஒரு மீனளவு இடத்தை இறைவனுக்கு ஒதுக்கினார். அந்த இடத்தைப் பசியிலும் பொன்னிலும் விட்டுக்கொடுக்கவில்லை. நியமங்களில் ஐந்தாவதான ஈசுவரப் பிரணிதானம் வேறு எது? இயமத்தில் குறை இருந்த இடத்தை நியமத்தின் நிறைவு எப்படி நிரப்பியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஒருவரிடம் வைத்தது, ஊரிடம் வைத்தது

எட்டு அங்கமும் சரி, யாரிடம் கற்பது? யாரோடு கற்பது? யோகம் என்றதும் தனியாகக் குகையில் அமர்ந்திருக்கும் ஒருவரே நம் கண்முன் வருகிறார். திருமூலரோ தம் குருவான நந்தியின் அருள் பெற்றவர்களைச் சொல்லும்போது, சனகர் முதலிய நால்வர், சிவயோக மாமுனி, பதஞ்சலி, வியாக்கிரபாதர் ஆகியோரோடு தம்மையும் சேர்த்து எட்டுப் பேர் என்று எண்ணுகிறார். எட்டு அங்க யோகத்தைத் தமிழில் தந்தவரும் வடமொழியில் தந்தவரும் அக்கணக்கில் ஒருசாலை மாணாக்கர்கள்!

வைணவ குருபரம்பரையிலும் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவர். சிறந்த யோகியும் ஆவார். அவர் தம் சீடரான உய்யக்கொண்டாரிடம் யோகம் கற்கிறாயா, பிரபந்தம் கற்றுப் பரப்புகிறாயா என்று கேட்டாராம். உலகம் துயரில் கிடக்க, நான் ஒருவன் மட்டும் இன்பத்தில் திளைப்பதா என்னும் கருத்துப்பட விடை சொல்லி, அவர் பிரபந்தத்தை ஏற்றார். யோக ரகசியம் குருகைக் காவலப்பன் என்னும் சீடர் ஒருவரிடம் வைக்கப்பட்டது.

பின்னாளில் நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார், பாட்டனாரின் அந்த யோகத்தைக் கற்க விரும்பிக் காவலப்பனை நாடிச் சென்றார். அவர் ஒரு நாளைக் குறித்து, அன்று வரச் சொன்னார். ஆளவந்தார் திருவனந்தபுரம் சென்று அனந்தபத்மநாபனைச் சேவிப்பதில் ஆழ்ந்திருந்தார். குறித்த நாள் நினைவுக்கு வந்தபோது அந்த நாளே வந்துவிட்டது. திரும்பிச் செல்ல நேரம் இல்லை. காவலப்பன் அன்று பரமபதம் அடைந்தார். அந்த யோகமும் அவரோடு போயிற்று என்பர்.

ஒருவரிடம் மட்டும் வைத்த செல்வம் ஒருநாள் தவறியதில் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பகிர்ந்த பிரபந்தமோ இன்றும் ஒவ்வொரு திவ்விய தேசத்திலும் கோஷ்டியாக ஒலிக்கிறது. குரல் நடுங்கும் முதியவரும், இப்போதுதான் பாடம் தொடங்கிய சிறுவனும் ஒரே வரிசையில் நின்று சேவிக்கிறார்கள். ஒருவர் அடியை விட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார். யோகமும் அப்படிக் கூட்டமாகக் காக்கப்பட வேண்டிய செல்வம் என்பதே அடியேன் இதிலிருந்து கொள்ளும் பாடம்.

முதுகு வளையாதவர்க்கு

‘இவ்வளவும் சரி, இந்த வயதில் எங்கள் முதுகு வளையுமா?’ என்று அன்பர்கள் கேட்பது செவியில் விழுகிறது.

இன்று உலகெங்கும் அஷ்டாங்க யோகம் என்றால், மூச்சோடு இணைத்து வரிசையாகச் செய்யும் கடினமான ஆசனப் பயிற்சி என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. நாதமுனிகளின் வழியில் வந்தவராகத் தம்மைக் கருதிய திருமலை கிருஷ்ணமாசாரியார் 1888-ல் பிறந்தவர். மைசூர் மன்னரின் ஆதரவில் ஜகன்மோகன அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தினார். துள்ளும் இளைஞர்களுக்கு ஏற்றபடி அங்கே அவர் கற்பித்த முறையை, அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் மைசூரில் 1948-ல் தொடங்கிய தம் நிலையத்தில் அஷ்டாங்கம் என்ற பெயராலேயே வளர்த்தார். அது கடல் கடந்து பரவிற்று.

அதே கிருஷ்ணமாசாரியார் 1950-களில் சென்னைக்கு வந்தபின், நோயாளிக்கும் முதியவர்க்கும் பெண்டிர்க்கும் அவரவர் உடலுக்குத் தக்கபடி ஒவ்வொருவராகக் கற்பித்தார். இளமையில் உடலை வளர்க்கும் பயிற்சி, இல்லறத்தில் அதைக் காக்கும் பயிற்சி, முதுமையில் மனத்தை உள்முகமாகத் திருப்பும் பயிற்சி எனப் பருவத்துக்கு ஏற்ப வகுப்பது அவர் முறை. நூறு வயதை எட்டி 1989-ல் மறைந்தார். அவர் மகன் தேசிகாசார் 1976-ல் நிறுவிய கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் இன்றும் சென்னையில் உள்ளது.

பதஞ்சலியைக் கேட்டால் இன்னும் ஆறுதல் கிடைக்கும். இருநூறுக்குச் சற்றே குறைந்த சூத்திரங்களில் ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியவை 3 மட்டுமே. அசையாமலும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பது அவர் சொன்னதன் சாரம். தலைகீழாக நிற்க வேண்டும் என்று அவர் எங்கும் விதிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் பதற்றமின்றிக் கவனிக்க முடிந்தால், ஆசனமும் பிராணாயாமத்தின் வாசலும் அங்கேயே உண்டு. மூச்சை அடக்கும் பயிற்சிகளை மட்டும், இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் தாமாகச் செய்யலாகாது. மருத்துவரையும் தேர்ந்த ஆசிரியரையும் கேட்டே செய்ய வேண்டும்.

ஆசிரியரைத் தேர்வதிலும் அளவுகோல் இயமமே. அவர் உடல் எவ்வளவு வளைகிறது என்று பாராதீர்கள். மாணவரிடம் எப்படிப் பேசுகிறார், பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறார், கட்டணம் கொடுக்க இயலாதவரை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். ஆசனத்தில் தேர்ந்து இயமத்தில் வழுக்கியவர்களைப் பற்றி உலகம் கேள்விப்பட்டிருக்கிறது. முதலிரண்டு படிகளை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குத் தாவினால் விழுவது இயல்பு.

வரிசையில் ஒரு யோகம்

அன்பர்களே, ஒரு விண்ணப்பம். பல ஊர்களில் மாலை வேளைகளில் நாம் கோயில் மண்டபங்களில் கூடுகிறோம். பாராயணம் முடிந்தபின் பத்து நிமிடம் சேர்ந்து அமர்ந்து இயமத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் களவின்மை என்று வைத்துக்கொள்வோம். பிரசாத வரிசையில் முன்னால் நிற்பவரைத் தள்ளாமல் இருப்பது. தெரிந்த சிப்பந்தி மூலம் பக்கவாயில் வழியே நுழையாமல் இருப்பது. அன்னதானப் பந்தியில் கடைசியில் வரும் கூலித் தொழிலாளிக்கும் இலை மிஞ்சும்படி பரிமாறச் சொல்வது. அடுத்த வாரம் கூடும்போது, ‘எந்த இடத்தில் தவறினேன்’ என்று அவரவர் சொல்லலாம். தவறியதைச் சொல்ல ஒரு கூட்டம் இருந்தால்தான் அடுத்த முறை தவறாமல் இருக்கத் துணிவு வரும். ஆசிரியரும் மாணாக்கரும் ஒருவருக்கொருவர் காவலாக இருக்கும் யோகசாலை அதுவே.

சந்நிதிமுன் கதவு திறந்ததும் நெரிசல் எழும். கால்கள் தாமாகவே முன்னால் போகும். அப்போது ஒரு கணம் நின்று, ‘இன்று எங்கள் பாடு இல்லை’ என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். முன்னால் இருக்கும் கைக்குழந்தைக்காரிக்கு வழி விடுங்கள். உங்கள் முறை வரும்போது பெருமான் அங்கேயே இருப்பான்.

பழவேற்காட்டுப் பெரியவருக்கு அடியேன் கடிதம் எழுதினேன். பேரன் படித்துக் காட்டுவான் என்பதால் அவன் பெயருக்கே எழுதினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘தம்பி, யோக நூலில் முதற்படியைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே மீனவர் இருக்கிறார். அது குறைவான அகிம்சைதான். ஆனாலும் அதற்கு அகிம்சை என்றே பெயர். அதைப் பெரிதாக்குவது உன் கையில் இருக்கிறது, என் கையிலும் இருக்கிறது. சிறு குஞ்சு மீன் வலையில் வந்தால் தாத்தாவைக் கேட்டு நீரில் விட்டுவிடு. கையால் இறால் தடவும் பிள்ளைகள் உன்னோடு படித்தால் அவர்களையும் ஆசன வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போ. உன் தாத்தா தம் பாடு இல்லாத நாளில் வலையைத் தைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாரே, அப்போது அவர் பக்கத்தில் போய் உட்கார். யோகத்தில் உனக்கு முதல் ஆசிரியர் அவர்தான்.’